சர்வருக்கு எந்தக் கேபிள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வரும் நெட்வொர்க் சுவிட்சும் வந்து இறங்கி, ரேக்கில் ஏற்றி, மின் இணைப்பும் கொடுத்த பிறகுதான் பலருக்குக் கேபிள் நினைவுக்கு வருகிறது. அவசரத்தில் கையில் கிடைத்ததை வாங்கி, பிறகு லிங்க் விளக்கு எரியவில்லை என்று கேட்க வருகிறார்கள். அப்படி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை இங்கே இருக்கின்றன. நொடிக்கு 10 ஜிகாபிட்டும் அதற்கு மேற்பட்டதும்தான் பேச்சு. எழுத வசதியாக 10 ஜி, 25 ஜி என்று சுருக்கிக்கொள்கிறேன்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்: வேகத்தையா, விலையையா, கேபிளின் பெயரையா?

போர்ட்டைப் பாருங்கள். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு சர்வரின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். உள்ளே எட்டுப் பொன்னிறக் கம்பிகள் வரிசையாகத் தெரிந்தால் அது ஆர்ஜே45. முறுக்கிணைச் செம்புக் கேபிள்தான் அதற்குப் பொருந்தும். வெறும் உலோகக் கூண்டுபோல் செவ்வகத் துளை தெரிந்தால் அது எஸ்எஃப்பி குடும்பம். அதில் 10 ஜி போர்ட்டின் பெயர் எஸ்எஃப்பி பிளஸ், 25 ஜி போர்ட்டின் பெயர் எஸ்எஃப்பி28. இரண்டும் ஒரே அளவு என்பதால் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. நெட்வொர்க் கார்டின் மாடல் எண்ணைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். கூண்டு இன்னும் அகலமாக இருந்தால் கியூஎஸ்எஃப்பி. அதில் 40 ஜி, 100 ஜி, அதற்கு மேலும் உண்டு.

சுவிட்சின் போர்ட்டையும் அதேபோல் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது தூரம். பெயர், நிறம், விலை எல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டும் ஒரே ரேக்கில்தான் இருக்கின்றன. ஒரு மீட்டர் கேபிள் போதுமல்லவா?

பெரும்பாலும் போதாது. 42 யூ ரேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சர்வர் கீழிருந்து பத்தாவது இடத்தில், சுவிட்ச் உச்சியில். ஒரு யூ என்பது 44.45 மில்லிமீட்டர், ஆக நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1.4 மீட்டர். ஆனால் கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை. சர்வரின் போர்ட்டிலிருந்து பக்கவாட்டுச் சட்டம் வரை ஒரு முழம், அங்கிருந்து மேலே, மறுபடியும் சுவிட்சின் போர்ட் வரை குறுக்கே இன்னொரு முழம். சர்வரைத் தண்டவாளத்தில் முன்னே இழுத்துப் பழுது பார்க்க வேண்டுமானால் அதற்கும் கொஞ்சம் தளர்வு. 1.4 மீட்டர் என்று நினைத்தது 3 மீட்டரில் வந்து நிற்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. சர்வரின் போர்ட்டுகள் ரேக்கின் பின்பக்கம் இருக்கும். சுவிட்சை யாரோ முகம் முன்பக்கம் பார்க்கும்படி மாட்டியிருப்பார்கள். ரேக்கின் ஆழமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

நான் செய்வது எளிது. ஒரு நூலை எடுத்து, கேபிள் போகப்போகும் வழியிலேயே ஓட்டிப் பார்த்து, பிறகு நூலை அளக்கிறேன். வேண்டியதைவிட மிக நீளமாக வாங்குவதும் தொல்லைதான். மிச்சம் சுருட்டிய கேபிள் சர்வரின் பின்னால் மூட்டைபோல் தொங்கி, சூடான காற்று வெளியேறும் வழியை அடைக்கும்.

ஒரே ரேக்குக்குள் 10 ஜி, 25 ஜி இணைப்புக்கு உங்கள் தேர்வு எது?

இரு பக்கமும் எஸ்எஃப்பி போர்ட் இருந்தால், தயக்கமில்லாமல் டிஏசி. இரண்டு முனையிலும் எஸ்எஃப்பி தலை நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட செம்புக் கேபிள் அது. உள்ளே இரட்டைக் கடத்தியும் அதைச் சுற்றிக் கவசமும் இருக்கும். மின்குறியை ஒளியாக மாற்றும் வேலையே இல்லாததால் அதில் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. அந்த மாற்றத்தைச் செய்யும் ஒளி மாட்யூல் ஒன்று ஏறத்தாழ ஒரு வாட் மின்சாரம் எடுக்கும் இடத்தில் சாதாரண டிஏசி எடுப்பது கணக்கில் சேராத அளவு. இரண்டு மாட்யூலும் ஒரு ஃபைபரும் வாங்குவதைவிட விலையும் குறைவு.

குறை அதன் நீளத்தில்தான். 10 ஜிக்கு 7 மீட்டர் வரை கிடைக்கும். 25 ஜியில் 3 மீட்டர் வரை நிம்மதியாக ஓடும். 5 மீட்டர் வேண்டுமானால் ஆர்எஸ் எனப்படும் வலுவான பிழைதிருத்த முறையை இரு பக்கமும் இயக்கியாக வேண்டும். நான்கு தடங்களில் ஓடும் 100 ஜிக்கும் 5 மீட்டர்தான் எல்லை. 400 ஜிக்குப் போனால் 3 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். வேகம் ஏற ஏறச் செம்பு குட்டையாகிக்கொண்டே போகிறது.

வாங்கும்போது கம்பியின் கேஜ் எண்ணையும் பாருங்கள். எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும். 30 கேஜ் கேபிள் மெலிதாக வளையும், குறுகிய தூரத்துக்கு நல்லது. 24, 26 கேஜ் நீள இணைப்புக்கு வருபவை. அவற்றை வளைத்து ரேக்கின் கதவைச் சாத்துவது ஒரு மல்யுத்தம்.

கேட் 8 கேபிள் போட்டால் சர்வர் வேகமாகுமா?

ஆகாது. வேகத்தை முடிவு செய்வது இரு முனையிலும் உள்ள போர்ட். கேபிள் அந்த வேகத்தைத் தாங்குகிறதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. 10 ஜி கார்டில் கேட் 8 மாட்டினாலும் கிடைப்பது 10 ஜிதான்.

கேட் என்பது முறுக்கிணைச் செம்புக் கேபிளின் வகை (கேட்டகரி). அதன் எண்கள் எதைக் குறிக்கின்றன என்று தெரிந்தால் குழப்பம் தீரும். கேட் 5ஈ 100 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், கேட் 6 250 வரைக்கும், கேட் 6ஏ 500 வரைக்கும் சோதிக்கப்பட்டவை. 10 ஜி ஈதர்நெட்டை முறுக்கிணைச் செம்பில் ஓட்டும் தரநிலை 2006இல் வந்தது. அதை முழு 100 மீட்டருக்கும் கொண்டுபோகக் கேட் 6ஏ வேண்டும். கேட் 8 2000 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். 25 ஜியையும் 40 ஜியையும் 30 மீட்டருக்குள் ஓட்டுவதற்காக உருவானது. அதற்கான ஈதர்நெட் தரநிலையும் 2016இல் வந்துவிட்டது. ஆனால் 25 ஜி ஆர்ஜே45 போர்ட் உள்ள சர்வர் கார்டைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது அபூர்வம். கேபிள் இருக்கிறது, மாட்டத்தான் இடமில்லை. சர்வர் உலகம் 25 ஜிக்கு எஸ்எஃப்பி28 வழியைத் தேர்ந்துகொண்டுவிட்டது.

கேட் 7 பற்றிக் கேட்பவர்களுக்கு: அது பன்னாட்டுத் தரநிலையில் உண்டு, ஆனால் அமெரிக்கத் தொலைத்தொடர்புத் தொழில் சங்கமான டிஐஏ அதை ஏற்கவே இல்லை. முறைப்படி அதற்குரிய கனெக்டர்கள் ஜிஜி45, டெரா போன்றவை. சாதாரண ஆர்ஜே45 தலை மாட்டிக் கேட் 7 என்று விற்கப்படுவது, பெட்டியில் அச்சிட்ட பெயருக்குக் காசு வாங்குவது. 10 ஜிக்கு முறையான கேட் 6ஏ வாங்குங்கள். பணமும் மிச்சம், பேச்சும் மிச்சம்.

சுவருக்குள் ஏற்கெனவே கேட் 6 ஓடுகிறது. அதில் 10 ஜி கிடைக்குமா?

55 மீட்டருக்குள் என்றால் கிடைக்கலாம். பல கேபிள்கள் ஒரே கட்டாக நெருங்கிப் போகிற இடத்தில் ஒன்றின் குறி அடுத்ததில் கசியும். அப்போது 37 மீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேட் 5ஈயில் சில மீட்டருக்கு 10 ஜி ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எந்தத் தரநிலையும் அதற்குப் பொறுப்பேற்காது, நானும் ஏற்கமாட்டேன். சுவரை உடைக்க முடியாதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. 2016இல் வந்த இன்னொரு தரநிலைப்படி கேட் 5ஈயிலேயே 100 மீட்டருக்கு 2.5 ஜியும், கேட் 6இல் 5 ஜியும் ஓட்டலாம். இரு முனையும் அதை ஆதரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சர்வரில் 10 ஜி ஆர்ஜே45, சுவிட்சில் எஸ்எஃப்பி பிளஸ். என்ன செய்வது?

எஸ்எஃப்பி பிளஸ் கூண்டில் செருகும் ஆர்ஜே45 மாட்யூல் இருக்கிறது. ஒன்றிரண்டு இணைப்புக்கு அது போதும். ஆனால் தொட்டால் சுடும்: ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.5 வாட் எடுக்கிறது, அத்தனையும் அந்தச் சின்னக் கூண்டுக்குள் வெப்பமாகிறது. அடுத்தடுத்த போர்ட்டுகளில் வரிசையாக மாட்டாமல் ஒன்றுவிட்டு ஒன்று மாட்டுங்கள். பல மாட்யூல்களுக்குத் தூரம் 30 மீட்டர்தான் என்பதையும் விவரத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு சர்வர் இப்படி இருந்தால், சர்வரின் கார்டை மாற்றுவதே மேல்.

தாமதமும் கூடும். முறுக்கிணைச் செம்பில் 10 ஜி ஓட்ட நிறையக் குறிச் செயலாக்கம் தேவைப்படுவதால், டிஏசியில் ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவாக முடிகிற வேலை இங்கே இரண்டு மூன்று மைக்ரோ நொடி எடுக்கும். கோப்புகளை நகலெடுப்பவர் இதை உணரவே மாட்டார். சேமிப்பகத்துக்கும் கணிப்புக் கொத்துக்கும் நொடிக்கு லட்சக்கணக்கில் சிறு கோரிக்கைகள் அனுப்புகிறவர் உணர்வார்.

ரேக் விட்டு ரேக் போக வேண்டும். டிஏசி எட்டாது. இனி?

ஃபைபர்தான். இரண்டு வழிகள். தலையோடு ஒட்டியே வரும் ஒளிக் கேபிள் ஒன்று, அதை ஏஓசி என்பார்கள். தனி மாட்யூல்கள் வாங்கி நடுவே எல்சி முனை ஃபைபர் மாட்டுவது மற்றொன்று.

ஏஓசி மெலிது, மலிவு, முனையில் தூசு ஏற வழியில்லை. ஆனால் ஒரு தலை கெட்டால் முழுக் கேபிளையும் தூக்கி எறிய வேண்டும். குழாய்க்குள் இழுக்கும்போது அந்தத் தடித்த தலை எங்காவது சிக்கும். நாளை 25 ஜியிலிருந்து 100 ஜிக்குப் போனால் மறுபடியும் முதலிலிருந்து இழுக்க வேண்டும். பக்கத்து ரேக் என்றால் ஏஓசி பரவாயில்லை. கூரைத் தட்டில் ஏறி அறையைக் கடக்கும் இணைப்பென்றால் மாட்யூலும் ஃபைபரும் தனித்தனியாக இருப்பதையே விரும்புவேன். வேகம் மாறும்போது மாட்யூல் மட்டும் மாறும், மேலே கிடப்பது அப்படியே கிடக்கும்.

ஓஎம்3, ஓஎம்4, ஓஎஸ்2 — எதை எடுப்பது?

ஓஎம் என்று தொடங்குபவை பன்முறை ஃபைபர். ஓஎம்3, ஓஎம்4 இரண்டிலும் ஒளி போகும் உள்ளகம் 50 மைக்ரான். ஓஎஸ்2 ஒற்றைமுறை, உள்ளகம் ஏறத்தாழ 9 மைக்ரான். ஒன்றுக்கான மாட்யூலை மற்றொன்றில் மாட்டக் கூடாது. எஸ்ஆர் மாட்யூல் 850 நானோமீட்டர் ஒளியில் பன்முறை ஃபைபருக்கு, எல்ஆர் மாட்யூல் 1310 நானோமீட்டரில் ஒற்றைமுறைக்கு.

தூரக் கணக்கு: 10 ஜி எஸ்ஆர் ஓஎம்3இல் 300 மீட்டர், ஓஎம்4இல் 400. அதே ஃபைபரில் 25 ஜிக்குப் போனால் 70, 100 மீட்டராகச் சுருங்கிவிடும். நான்கு இணை ஃபைபர்களில் ஓடும் 100 ஜிக்கும் அதே 70, 100தான். 10 ஜி காலத்தில் 200 மீட்டர் ஓஎம்3 போட்டு நிம்மதியாக இருந்தவர்கள் 25 ஜி கார்டு வாங்கிய அன்று இதைக் கண்டு திகைத்தார்கள். ஒற்றைமுறையிலோ எல்ஆர் மாட்யூல் 10 கிலோமீட்டர் போகும்.

ஆகவே என் பழக்கம்: ஒரு வரிசைக்குள் மாட்டிக் கழற்றும் இணைப்புக்கு ஓஎம்4. அறைக்கு அறை, மாடிக்கு மாடி, நிரந்தரமாகக் கிடக்கப்போவதற்கு ஓஎஸ்2. மாட்யூல் விலை சற்றுக் கூடும்; ஆனால் கேபிள் இழுக்கும் கூலியை இரண்டாம் முறை கொடுக்க வேண்டியதில்லை.

நிறத்தை அடையாளமாக மட்டும் கொள்ளுங்கள். ஆரஞ்சு என்றால் பழைய ஓஎம்1 அல்லது ஓஎம்2. வெளிர் நீலப்பச்சை ஓஎம்3, ஓஎம்4 இரண்டுக்கும் வரும். ஓஎம்4 ஊதாவிலும் வரும். மஞ்சள் ஒற்றைமுறை. உறுதி செய்ய உறையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

10 கிலோமீட்டர் போகும் எல்ஆர் மாட்யூலை 3 மீட்டர் ஃபைபரில் மாட்டினால் எரிந்துபோகுமா?

போகாது. இந்தப் பயம் 40, 80 கிலோமீட்டர் மாட்யூல்களுக்குத்தான் பொருந்தும். அவற்றைக் குறுகிய தூரத்தில் மாட்ட நடுவே ஒளிகுறைப்பான் வைக்க வேண்டும்.

எம்பிஓ கேபிளில் என்ன அப்படிச் சிக்கல்?

நானே மாட்டிக்கொண்டது. 100 ஜி இணைப்பு நான்கு கொடுக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு ஃபைபர் இழைகள் ஒரே முனையில் சேரும் எம்பிஓ கேபிள் நான்கு வந்தன. எல்லாம் பொருந்தின, ‘கிளிக்’ சத்தமும் கேட்டது, ஒன்றில்கூட விளக்கு எரியவில்லை. மாட்யூலை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், சுவிட்சையே அணைத்துப் போட்டேன். மாலையில் பெட்டியைக் குப்பையிலிருந்து எடுத்துப் படித்தபோதுதான் ‘ஏ வகை’ என்றிருந்தது. ஏ வகையில் முதல் இழை எதிர்முனையிலும் முதல் இடத்திலேயே வரும். அதாவது அனுப்பும் பக்கம் எதிரிலும் அனுப்பும் பக்கத்தையே சந்திக்கும். இரு மாட்யூல்களை நேராக இணைக்க பி வகை வேண்டும். அதில் முதல் இழை பன்னிரண்டாம் இடத்துக்குப் போகும்.

இன்னொன்று: மாட்யூலுக்குள் இரண்டு சின்ன ஊசிகள் இருக்கும். ஆகவே கேபிளின் முனை ஊசி இல்லாத பெண் முனையாக இருக்க வேண்டும். ஊசியோடு ஊசியை அழுத்தினால் மாட்யூல் போய்விடும்.

கேபிள் சரியானதுதான். ஆனாலும் 25 ஜி லிங்க் வரவில்லையே?

முதல் சந்தேகம் எஃப்இசி, அதாவது பிழைதிருத்தக் குறியீடு. 25 ஜியில் மூன்று நிலைகள் உண்டு: ஒன்றும் இல்லாதது, எளியது, ஆர்எஸ். சுவிட்சில் ஆர்எஸ் என்றும் சர்வரில் ஒன்றுமில்லை என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. எந்தப் பிழைச் செய்தியும் வராது, விளக்கு மட்டும் எரியாது. கேபிளைக் குறை சொல்லி மூன்று கேபிள்கள் மாற்றிய பிறகே பலர் இதைப் பார்க்கிறார்கள். எஸ்ஆர் ஒளி மாட்யூல் என்றால் 25 ஜியில் ஆர்எஸ் கட்டாயம். குட்டை டிஏசி என்றால் எது வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்தது வேகம். 25 ஜி போர்ட்டில் 10 ஜி டிஏசி மாட்டினால் தானாக இறங்கி வரும் என்று நம்பாதீர்கள். பல சுவிட்சுகளில் கையால் 10 ஜி என்று அமைக்க வேண்டும். சிலவற்றில் நான்கு போர்ட் ஒரு குழுவாகவே மாறும், ஒன்றைக் குறைத்தால் பக்கத்து மூன்றும் குறையும்.

மூன்றாவது, கேபிளின் தலைக்குள் இருக்கும் சிறு நினைவகச் சில்லு. அதில் தயாரிப்பாளர் பெயரும் வகையும் எழுதியிருக்கும். சில சுவிட்சுகள் தங்கள் பெயர் இல்லாத கேபிளை ஏற்காது. இரு முனையும் வேறுவேறு நிறுவனக் கருவியாக இருந்தால், ஒவ்வொரு முனைக்கும் தனித்தனிக் குறியீடு எழுதிய டிஏசி வாங்கலாம். கேட்டால் செய்து தருவார்கள்.

ஃபைபர் என்றால் முனையைத் துடையுங்கள். ஒற்றைமுறை உள்ளகம் 9 மைக்ரான். ஒரு தூசுத் துணுக்கு அதை முழுதாக மூடிவிடும். லினக்ஸில் ஈத்டூல் கட்டளை மாட்யூல் வாங்கும் ஒளியின் அளவைக் காட்டும். துடைப்பதற்கு முன்னும் பின்னும் அந்த எண்ணைப் பாருங்கள். ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒளி வருகிறதா என்று ஒருபோதும் பார்க்காதீர்கள். அது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

லிங்க் 10 ஜி என்று காட்டுகிறது. நகலெடுப்பு நொடிக்கு 200 மெகாபைட்தான். கேபிள் மோசமா?

கேபிள் மோசமென்றால் பிழை எண்ணிக்கை ஏறும். சிஆர்சி பிழைகள், அதாவது வழியில் சிதைந்துபோன தரவின் எண்ணிக்கை, பூஜ்யமாக இருந்தால் கேபிளை விட்டுவிடுங்கள். 10 ஜி என்பது நொடிக்கு அதிகபட்சம் 1.25 ஜிகாபைட், சுழலும் வன்தட்டு ஒன்று 200, 250 மெகாபைட்டைத் தாண்டுவது கடினம். 100 ஜி கார்டை எட்டுத் தடப் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3 ஸ்லாட்டில் செருகியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த ஸ்லாட்டே 63 ஜிகாபிட்டோடு நின்றுவிடும்.

போலிச் செம்புக் கேபிளைக் கண்டுபிடிப்பது எப்படி?

அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கம்பி அது. கையில் தூக்கினாலே எடை குறைவாகத் தெரியும். கம்பியின் மேற்புறத்தைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் வந்தால் அலுமினியம். அதன் கடத்துதிறன் செம்பில் ஏறத்தாழ 60 சதவீதம்தான், இரண்டு மூன்று முறை மடக்கினால் ஒடிந்தும் போகும். கேபிள் வழியே மின்சாரமும் அனுப்புகிற இடத்தில் சூடாகும் என்பதால் ஆபத்தும்கூட. உறையில் கேஜ் எண், வகை, தரநிலைப் பெயர் எதுவுமே அச்சிடாத கேபிளைத் தொடாதீர்கள்.

கவசமுள்ள கேபிள் கட்டாயமா?

கேட் 8 என்றால் கவசத்தோடுதான் வரும். கேட் 6ஏ கவசமில்லாமலே ரேக்குக்குள் நன்றாக ஓடும். கவசம் வாங்கினால் பேனலும் ஜாக்கும் கவசமுள்ளவையாக இருந்து, நிலத்தொடர்பும் சரியாக இருக்க வேண்டும்.

100 ஜி போர்ட் ஒன்றிலிருந்து நான்கு சர்வருக்குப் பிரிக்கலாமா?

தாராளமாக. ஒரு பக்கம் கியூஎஸ்எஃப்பி28, மறுபக்கம் நான்கு எஸ்எஃப்பி28 தலைகள் கொண்ட பிரிகேபிள் கிடைக்கும். சுவிட்சில் அந்தப் போர்ட்டைப் பிரித்து அமைக்க வேண்டும். எல்லாப் போர்ட்டும் பிரிய ஒப்பாது, வாங்குமுன் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

பழுதான கேபிளை என்ன செய்வது?

இரண்டு தலையையும் வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். முழுதாகப் போட்டால், நல்ல கேபிளை யாரோ எறிந்துவிட்டார்கள் என்று இன்னொருவர் எடுத்து, துடைத்து, அழகாகச் சுருட்டி உதிரிப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிடுவார்.